ஹீட்டிங் பேட் வைத்துக் கோழிக்குஞ்சு வளர்க்கையில் வரும் கோளாறுகள்: அறிகுறியைக் கொண்டு காரணம் அறியும் வழிமுறை

குண்டு பல்போ அகச்சிவப்பு விளக்கோ இல்லாமல், மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் மருந்துக் கடையில் விற்கும் ஹீட்டிங் பேடைக் கொண்டே கோழிக்குஞ்சுகளுக்கு வேண்டிய கதகதப்பைக் கொடுக்க முடியும். பத்துப் பதினைந்து குஞ்சுகளை வீட்டளவில் வளர்ப்பவர்களுக்கு இது பல்பை விட நல்ல முறை என்பது என் உறுதியான கருத்து. 40 முதல் 60 வாட் மின்சாரத்தில் வேலை முடிகிறது. இரவு முழுவதும் விளக்கு எரியாததால் குஞ்சுகள் இருட்டில் நன்றாகத் தூங்கி, விடிந்ததும் எழுந்து தீவனம் தேடுகின்றன. 250 வாட் அகச்சிவப்பு விளக்கு கட்டு அவிழ்ந்து உமியின்மேல் விழுந்து தீப்பிடிக்கும் அபாயமும் இதில் இல்லை.

ஆனால் இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு. பல்பு, தன் கீழுள்ள தரையையும் காற்றையும் சூடாக்குகிறது. பேடோ, தாய்க்கோழியின் அடிவயிற்றைப் போல, குஞ்சின் முதுகைத் தொட்டுச் சூடு தருகிறது. சுற்றியுள்ள காற்றை அது ஏறக்குறைய அப்படியே விட்டுவிடுகிறது. ஆகவே முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்று கோழி வளர்ப்புக் கையேடுகளில் இருக்கும் கணக்கு பல்புக்கும் பெரிய பண்ணைப் புரூடருக்கும் (குஞ்சுகளுக்குச் செயற்கையாகச் சூடு தரும் அமைப்பு) பொருந்துமே தவிர, பேடுக்கு அப்படியே பொருந்தாது. பெட்டியின் நடுவில் வெப்பமானியைத் தொங்கவிட்டு, 27 டிகிரிதான் காட்டுகிறது என்று பதறி, பேடின் சூட்டைக் கூட்டுபவர்கள் குஞ்சுகளுக்குத் தீங்குதான் செய்கிறார்கள். பேட் முறையில் முதலில் பார்க்க வேண்டியது குஞ்சுகளின் நடத்தை. அடுத்தது பேடின் உயரம். வெப்பமானி அதற்கும் பிறகுதான்.

கீழே சொல்பவை யாவும் பின்வரும் அமைப்பை மனத்தில் கொண்டவை. பெட்டியின் ஒரு பாதியில் வெல்டுமெஷ் கம்பி வலையை வளைத்துத் தாழ்வான ஒரு கூடாரம் அமைத்து, மெல்லிய பருத்தி உறையிட்ட பேடை அதன் உட்புறத்தில் விளிம்புகளில் மட்டும் கட்டி, மேலே தடித்த துண்டு ஒன்றைப் போர்த்தியிருக்க வேண்டும். கூடாரம் பின்பக்கம் தாழ்ந்தும் வாய்ப்பக்கம் உயர்ந்தும் இருக்க வேண்டும். ஒருநாள் குஞ்சுகளுக்குப் பின்பக்கம் ஏறத்தாழ 5 செ.மீ., வாயில் 10 செ.மீ. என்று தொடங்கலாம். தீவனத் தட்டும் தண்ணீரும் பெட்டியின் மறுபாதியில் இருக்கட்டும். பேடைத் தரையில் விரித்து அதன்மேல் குஞ்சுகளை விடுவது வேறு முறை. அதை நான் பரிந்துரைக்கவில்லை. எச்சமும் தண்ணீரும் நேராக அதன்மேல் விழும். மேலே கூளம் கூடக் கூட வெப்பம் வெளியேற வழியின்றிப் பேடுக்குள்ளேயே தேங்கும்.

குஞ்சுகள் உரக்கக் கத்துகின்றன. பேடின் அடியில் போக மறுக்கின்றன

முதல் நாளில் அடிக்கடி வரும் சிக்கல் இதுதான். சூடு போதவில்லை என்று இதைத் தவறாக எடுத்துக்கொள்கிறோம். இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுக்கு அந்த இருண்ட கூடாரத்துக்குள் கதகதப்பு இருக்கிறது என்பது தெரியாது. தாய்க்கோழியானால் அடிக்குரலில் கூப்பிட்டு, இறக்கையை விரித்துக் கூட்டிக்கொள்ளும். பேட் கூப்பிடாது, அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு குஞ்சாக எடுத்து, அலகைத் தண்ணீரில் தொட்டுக் காட்டியபின், பேடின் அடியில் கொண்டுபோய் வைத்து, கூடாரத்தின் வாயைக் கையால் சற்று நேரம் மறைத்துப் பிடியுங்கள். கத்தல் அடங்கி, மெல்லிய முணுமுணுப்பாக மாறினால் அவை சூட்டைக் கண்டுகொண்டன என்று பொருள். அரைமணிக்கு ஒருமுறை இப்படிச் சேர்த்துவிட்டால், பெரும்பாலும் முதல் நாள் மாலைக்குள் ஒன்றிரண்டு தாமாகவே போகத் தொடங்கும். ஒன்று போய்விட்டால் மற்றவை அதைப் பின்தொடரும்.

அறை விளக்கு கூடாரத்தின் வாய்ப்பக்கம் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தால் குஞ்சுகள் வெளிச்சத்தை விட்டு வர மாட்டா. முதல் இரவில் விளக்கைச் சட்டென்று அணைப்பதும் தவறு. இருட்டில் வழி தெரியாமல் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து விறைத்துப்போகும். எல்லாக் குஞ்சுகளும் உள்ளே போனதை எண்ணிப் பார்த்துவிட்டு அணையுங்கள். கூடாரத்தின் வாயில் பழைய பருத்தித் துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்துத் தொங்கவிட்டால் உள்ளே வெப்பமும் தங்கும், குஞ்சுகளும் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்ததாக எண்ணி நுழையும். நூல் பிரியாத துணியாக இருக்கட்டும். பிரிந்த நூல் காலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்றுவிடும்.

அடியில்தான் இருக்கின்றன, ஆனாலும் கத்தல் ஓயவில்லை, கால்கள் சில்லிட்டிருக்கின்றன

ஒரு குஞ்சை எடுத்து அதன் பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உண்மையிலேயே சூடு போதவில்லை. கட்டுப்பாட்டுக் கருவியைத் தொடும் முன் உயரத்தைச் சரிபாருங்கள். குஞ்சின் முதுகுக்கும் பேடுக்கும் இடையே இரண்டு விரற்கடை இடைவெளி இருந்தால்கூடத் தொடுசூடு கிடைக்காது. பேட் முழு வேகத்தில் எரிந்தும் பயன் இல்லை. குஞ்சு நின்றால் முதுகு உரச வேண்டும், உட்கார்ந்தால் சற்றே விலக வேண்டும். அந்த அளவுக்குக் கூடாரத்தைத் தாழ்த்தினாலே பாதிப் புகார்கள் தீர்ந்துவிடும். கூட்டத்தில் பெரியதும் சிறியதுமாகக் கலந்திருந்தால், பின்பக்கம் சரிந்த அமைப்பு இங்கேதான் கைகொடுக்கிறது: சிறியவை உள்ளே ஒடுங்கும், பெரியவை வாய்ப்பக்கம் நிற்கும். காடைக் குஞ்சுகளை வளர்ப்பவர்கள் இதைவிட இன்னும் தாழ்வாக அமைக்க வேண்டும்.

அடுத்து, வெப்பம் எங்கே வீணாகிறது என்று பாருங்கள். பேடின் மேற்புறத்தில் தடித்த துண்டு இல்லாவிட்டால் சூட்டில் பெரும்பகுதி மேலே போய்விடும். சிமெண்டுத் தரையில் நேராக வைத்த பெட்டி, குஞ்சின் வயிற்றுச் சூட்டைக் கீழிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அடியில் மரப்பலகையோ மடித்த சாக்கோ போட்டு, அதற்குமேல் நெல் உமியை 5 செ.மீ. அளவுக்குப் பரப்புங்கள். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற இடங்களிலும், சமவெளியில் மார்கழி, தை மாத இரவுகளிலும் இதைச் செய்யாமல் பேடை மட்டும் நம்புவது சரியல்ல.

கிராமப்புறங்களில் கவனிக்க வேண்டிய காரணம் இன்னொன்று உண்டு: குறைந்த மின்னழுத்தம். சூட்டைத் தானே ஒரே அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத எளிய பேடின் வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுகிறது. 230 வோல்ட்டில் 50 வாட் தரும் பேட், மாலை நேரத்தில் 180 வோல்ட்டே வந்தால் ஏறத்தாழ 31 வாட்தான் தரும். பகலில் சரியாக இருந்த அமைப்பு முன்னிரவில் மட்டும் தோற்றால் இதைச் சந்தேகியுங்கள். அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு படி கூட்டி வைத்து, மின்னழுத்தம் சீரானதும் மறக்காமல் குறைத்துவிடுங்கள். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த 120 வோல்ட் பேடை நம் ஊர்ப் பிளக்கில் மாற்றி இல்லாமல் செருகினால், அது தாங்க வேண்டியதைப் போல் மூன்றரை மடங்குக்கும் மேலான வெப்பத்தைத் தந்து கருகிவிடும். பேடின் பின்புறத்திலோ கட்டுப்பாட்டுக் கருவியிலோ அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவைப் படிக்காமல் எந்தப் பேடையும் இணைக்காதீர்கள்.

படுக்கும்போது சூடாக இருந்த பேட் நள்ளிரவில் குளிர்ந்து கிடக்கிறது

இந்த முறையில் குஞ்சுகள் சாவதற்கு முதன்மையான காரணம் இது என்று நான் கருதுவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். இந்தப் பேடுகள் மனிதர் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளவே செய்யப்பட்டவை. அதைப் போட்டுக்கொண்டே தூங்கிவிட்டால் தோல் வெந்துவிடக் கூடாது என்பதற்காக, பல பேடுகளில் ஒன்றரை மணி அல்லது இரண்டு மணி நேரத்தில் தானாக அணையும் ஏற்பாடு இருக்கிறது. மனிதருக்கு நல்ல பாதுகாப்பான இது, குஞ்சுகளுக்கு எமன். எனவே வாங்கும்போதே, தானாக அணையாத பேடா, அல்லது அந்த ஏற்பாட்டை நிறுத்திவைக்கும் வசதியுள்ள பேடா என்று கேட்டு வாங்குங்கள். சிலவற்றில் ஒரு பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து இயங்கும் நிலைக்கு மாறும். உடன் வரும் தாளில் அது குறிப்பிடப்பட்டிருக்கும். கருவியைப் பிரித்து, உள்ளே இருக்கும் வெப்ப ஃப்யூஸையோ தெர்மோஸ்டாட்டையோ நேர்க்கம்பியால் இணைப்பது மட்டும் கூடவே கூடாது. நேரத்தைக் கணக்கிட்டு அணைப்பது ஒன்று, அளவு மீறிச் சூடேறும்போது அணைப்பது வேறொன்று. இரண்டாவது இல்லாமல் போனால் வீடே தீப்பற்றலாம்.

மின்தடை இதோடு சேர்ந்துகொள்ளும்போது சிக்கல் கூடுகிறது. தள்ளும் சுவிட்சு உள்ள பேட், மின்சாரம் போய் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். டிஜிட்டல் திரையும் தொடுபொத்தானும் உள்ள பேடுகளில் பல, மின்சாரம் திரும்பினாலும் அணைந்த நிலையிலேயே நின்றுவிடும். இரவு இரண்டு மணிக்கு ஐந்தே நிமிடம் மின்சாரம் போயிருக்கலாம். நமக்குத் தெரியவே தெரியாது, காலையில் குஞ்சுகள் விறைத்துக் கிடக்கும். விலை குறைந்த, பார்ப்பதற்குப் பழையதாகத் தோன்றும் தள்ளு சுவிட்சு வகையே குஞ்சுகளுக்கு ஏற்றது என்று நான் சொல்வது இதனால்தான். குஞ்சுகள் வருவதற்கு முந்தைய நாள் பேடை இணைத்து, ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டு, இடையில் பிளக்கை ஒருமுறை பிடுங்கிச் செருகியும் பாருங்கள். அந்தச் சோதனையில் தேறாத பேடை வைத்துக் குஞ்சு வளர்க்க வேண்டாம்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் பேடை அந்த இணைப்பில் போடலாம். 50 வாட் என்பது ஒரு சிறிய மின்விசிறி இழுக்கும் அளவுதான். இன்வெர்ட்டர் இல்லையென்றால், வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிய இரண்டு பாட்டில்களைக் கூடாரத்துக்குள் பக்கவாட்டில் வைத்து, குஞ்சுகளை நடுவில் விட்டு, மேலே கம்பளியைப் போர்த்தினால் சில மணி நேரத்தைச் சமாளிக்கலாம். மூடிய அறையில் கரிச்சட்டி வைக்காதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு குஞ்சுகளை மட்டுமல்ல, அந்த அறையில் தூங்கும் மனிதரையும் கொல்லும். ஏற்கனவே விறைத்துவிட்ட குஞ்சை முதலில் கையிலோ துணியிலோ பொத்தி மெல்லச் சூடேற்றுங்கள். அது தலையைத் தூக்கி நிற்கும்வரை வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

வாயைத் திறந்து மூச்சிரைக்கின்றன. இறக்கையைத் தொங்கவிட்டு விலகிப் படுத்திருக்கின்றன

சூடு மிகுந்துவிட்டது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. மூச்சிரைத்துத்தான் உடற்சூட்டைத் தணிக்க முடியும். வெளியே வந்து பெட்டியின் தொலைவான பக்கத்தில் அவை அகலமாகப் பரந்து படுத்திருந்தால், தப்பிக்க இடம் இருக்கிறது என்பதே நல்ல செய்தி. பேடைக் குறைந்த அளவுக்கு மாற்றுங்கள், அல்லது மேலே போர்த்திய துண்டை ஒரு மடிப்பு குறையுங்கள். கூடாரம் பெட்டி முழுவதையும் அடைத்திருந்தால் உடனே பெரிய பெட்டிக்கு மாற்ற வேண்டும். குளிர்ந்த பகுதி இல்லாத பெட்டியில் பேட் வைப்பது, என் பார்வையில், பேடே வைக்காததைவிட மோசம்.

வேலூர், திருச்சி, மதுரை போன்ற ஊர்களில் சித்திரை, வைகாசி மாதப் பகலில் அறை வெப்பமே 35 டிகிரியைத் தாண்டும். அப்போது ஒருநாள் குஞ்சுக்குக்கூடப் பகலில் பேட் தேவையில்லை. அணைத்துவிட்டு, விடியற்காலைக் குளிருக்கு மட்டும் குறைந்த அளவில் போட்டால் போதும். புறங்கையைக் கூடாரத்துக்குள் ஒரு நிமிடம் பேடை ஒட்டி வைத்துப் பாருங்கள். இதமாக இருக்க வேண்டும், எடுத்துவிடத் தோன்றக் கூடாது. வளர்ந்த கோழியின் உடற்சூடு ஏறத்தாழ 41 டிகிரி என்பதால், அதற்கு மேல் எந்தப் பேடும் போக வேண்டியதில்லை.

மூச்சிரைப்பு எல்லாக் குஞ்சுகளிலும் இல்லாமல் ஒன்றிரண்டில் மட்டும், அதுவும் குளிர்ந்த காலையிலும் இருந்தால் சூட்டைக் குறை சொல்லாதீர்கள். பூசணம் பிடித்த உமியிலிருந்தோ ஈரமான மரத்தூளிலிருந்தோ நுரையீரலுக்குள் போன பூசண வித்துக்களால் இப்படி வரும். கூளம் முழுவதையும் மாற்றிவிட்டு, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. அடியில் இருந்தவை நசுங்கிச் சாகின்றன

30 முதல் 40 கிராம் எடையுள்ள குஞ்சின்மேல் பத்துக் குஞ்சுகள் ஏறினால் அது மூச்சு விட முடியாது. எல்லாம் கூடாரத்துக்கு வெளியே ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வீசுகிறது என்று பொருள். கதவிடுக்கையும் சன்னலையும் பார்த்து, குஞ்சின் உயரத்துக்குப் பெட்டியைச் சுற்றி அட்டை கட்டுங்கள். காற்றோட்டம் மேலே வேண்டும், தரைமட்டத்தில் கூடாது. கூடாரத்துக்குள்ளேயே குவிந்தால் பேடின் பரப்பு போதவில்லை. 30க்கு 60 செ.மீ. அளவுள்ள பேடின் அடியில் முதல் வாரம் 15 குஞ்சுகள் தாராளமாக இருக்கும்; மூன்றாம் வாரத்தில் அதே குஞ்சுகளுக்கு அது போதாது. பெட்டியின் மூலைகளை அட்டை வளைத்து வட்டமாக்கிவிட்டால், எந்தக் காரணத்தால் மிரண்டு ஓடினாலும் குவியாமல் வழுக்கிப் பிரியும். பெரிய பண்ணைகளில் புரூடரைச் சுற்றி வட்டமாகத் தகடு நிறுத்துவதும் இதற்காகத்தான்.

பின்புறத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்து அடைத்துக்கொள்கிறது

முதல் சில நாட்களில் குளிர், மிகைச்சூடு, தண்ணீர்க் குறைவு ஆகிய மூன்றும் இதை உண்டாக்கும். முதலில் குஞ்சைக் காப்பாற்ற வேண்டும்: வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து மெல்லத் துடைத்தெடுங்கள்; காய்ந்ததைப் பிய்த்து இழுத்தால் தோல் கிழிந்துவிடும். துடைத்தபின் ஈரம் உலர்த்தி, சிறிது தேங்காய் எண்ணெய் தடவி, உடனே பேடின் அடியில் விடுங்கள், ஏனென்றால் நனைந்த குஞ்சு விரைவில் குளிர்ந்துவிடும். தொப்புள் சற்றே கீழே, வயிற்றுப்பக்கம் இருக்கிறது. அதை எச்சம் என்று எண்ணிப் பிடுங்கிவிடாதீர்கள். பிறகு மேலே சொன்னபடி உயரத்தையும் சூட்டையும் சரிசெய்யுங்கள். பேட் முறையில் தண்ணீர்க் குடுவை குளிர்ந்த பகுதியில் இருப்பதால், முதல் இரண்டு நாள் வெதுவெதுப்பான நீரையே வையுங்கள். அகலத் தட்டானால் கூழாங்கற்களைப் போட்டு ஆழத்தைக் குறையுங்கள்.

துடைத்தும் துடைத்தும் பல குஞ்சுகளுக்கு வெள்ளையாகக் கழிந்துகொண்டே இருந்தால், அல்லது மூன்று வாரத்தை ஒட்டி எச்சத்தில் இரத்தம் தெரிந்தால், அது வெப்பக் கோளாறு அல்ல, நோய். ஏழாம் நாளில் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய் வராமல் தடுக்கக் கண்ணில் சொட்டு மருந்து விட்டபின் ஓரிரு நாள் குஞ்சுகள் சோர்ந்து பேடின் அடியிலேயே கிடப்பது மட்டும் இயல்பு. அந்த நாட்களில் சூட்டைக் குறைக்க வேண்டாம்.

பேடிலிருந்து கருகல் வாடை வருகிறது. ஓரிடத்தில் மட்டும் சுடுகிறது

உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். மடித்த பேடின் மடிப்பில் கம்பிகள் நெருங்கி அந்த இடம் மட்டும் கொதிக்கும். கம்பி வலையின் கூர்முனை குத்தியிருந்தாலும், எலி வயரைக் கடித்திருந்தாலும் இப்படி ஆகும். பழுது பார்த்து மீண்டும் பயன்படுத்த வேண்டாம், வேறு வாங்குங்கள். இரண்டாம் வாரத்திலிருந்து குஞ்சுகள் கூடாரத்தின்மேல் ஏறி நின்று எச்சமிடும். போர்த்திய துண்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்துவிட்டால் ஈரம் பேடுக்கு இறங்காது. வயரைக் குழாய்க்குள் செலுத்திப் பெட்டிக்கு வெளியே கொண்டுவாருங்கள். மின்கசிவு ஏற்பட்டால் தானே அணைக்கும் ஆர்.சி.சி.பி. உள்ள இணைப்பில்தான் பேட் இருக்க வேண்டும்.

குஞ்சுகள் பேடின் அடியில் போவதையே விட்டுவிட்டன

பகலில் போகாமல் இரவில் மட்டும் போனால் எல்லாம் சரியாக நடக்கிறது. முதல் வாரத்தில் இறக்கையில் தொடங்கும் இறகு, மூன்று நான்கு வாரத்தில் முதுகை மூடி, ஐந்து ஆறு வாரத்தில் உடல் முழுவதும் நிறைகிறது. நாட்டுக்கோழிகளில் சிறுவிடைக் குஞ்சுகளைவிடப் பெருவிடை, அசில் வகைக் குஞ்சுகளுக்கு இறகு கட்டத் தாமதமாகலாம். வயதைப் பார்க்காமல் முதுகைப் பாருங்கள். வாரந்தோறும் கூடாரத்தை உயர்த்தி, சூட்டை ஒவ்வொரு படியாகக் குறைத்து, பிறகு பகலில் அணைத்து, இரவிலும் அவை வெளியே பரவலாகப் படுத்துத் தூங்கும் நிலை வந்ததும் பேடை அணைத்த நிலையிலேயே மூன்று நாலு இரவு விட்டுவைத்து, அதன்பிறகு எடுத்துவிடலாம். அந்த நாட்களில் மழையோ பனியோ வந்து, இரவில் மீண்டும் நெருங்கிக் கத்தினால், தயங்காமல் குறைந்த சூட்டில் இன்னும் சில இரவுகள் போடுங்கள்.